வெள்ளை விலங்குகளின் விதிகள்: ஸ்னோபேர்ட் என்ற வடதுருவ நாயகி

1980 டிசம்பர் தேதியிட்ட, மார்வெல் நிறுவனத்தின் அன்கேன்னி எக்ஸ்-மென் படக்கதை, 140-ஆம் இதழ். கனடாக் காட்டில் வென்டிகோ என்ற நரமாமிச அரக்கனோடு சண்டை. எத்தனை பேர் அடித்தாலும் அது விழ மாட்டேன் என்கிறது. கடைசியில் ஸ்னோபேர்ட் என்ற பெண் வால்வரினாக உருமாறிப் பாய்கிறாள். நகம் நீட்டும் அந்த எக்ஸ்-மென் ஆசாமி அல்ல. நீர்நாய்க்கு உறவான, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மிருகத்தோடும் மல்லுக்கு நிற்கும் நிஜ விலங்கு. அரக்கன் வீழ்கிறான். சிக்கல் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. வென்றவளால் மனுஷியாகத் திரும்பி வர முடியவில்லை. விலங்கின் வெறி அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வால்வரின் என்று பெயர் கொண்ட மனிதன்தான் பேசிப் பேசி அவளை மீட்கிறான். வெறி ஏறினால் என்ன ஆகும் என்பது அந்தக் கூட்டத்தில் அவனுக்குத்தான் தெரியும்.

சில பக்கங்களில் முடிந்துவிடும் இந்தக் காட்சிக்குள்தான் ஸ்னோபேர்ட் பாத்திரத்தின் மொத்த இயக்கமும் இருக்கிறது. வடதுருவத்து இனுவிட் மக்களின் கதைகளிலிருந்து அது விலகும் இடமும் இதுவே. உருமாறும் பாத்திரம் எதுவானாலும் அதனால் என்ன முடியும் என்பது பெரிய விஷயமில்லை. எது முடியாது, உருமாற்றம் எப்போது கோளாறாகும், ஏன் ஆகும் என்று பார்த்தால் அதை எழுதியவர் உலகை எப்படிப் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஸ்னோபேர்ட் முதலில் தோன்றியது 1979-இல், எக்ஸ்-மென் 120, 121-ஆம் இதழ்களில். கனடாவின் சூப்பர்ஹீரோ அணியான ஆல்ஃபா ஃப்ளைட்டில் ஒருத்தியாக வந்தாள். எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட், வரைந்தவர் ஜான் பைர்ன். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர் பைர்ன். 1983-இல் ஆல்ஃபா ஃப்ளைட் தனி இதழாக வந்தபோது முதல் 28 இதழ்களை அவரே எழுதி வரைந்தார். ஸ்னோபேர்டின் பின்கதை முழுக்க அந்த 28-க்குள்தான் உருவானது.

கதை இதுதான். வடக்கே பெரும் மிருகங்கள் என்று அழைக்கப்படும் ஆதி அரக்கர்கள் உண்டு: துண்ட்ரா, கோலோமாக், தனாராக், ரனாக் என்று ஒரு பட்டியல். அவர்களை எதிர்க்க ஒரு போராளி வேண்டும் என்று வடதுருவ ஒளியின் தேவியான நெல்வானா, ரிச்சர்ட் ஈஸ்டன் என்ற மனிதனோடு சேர்ந்து ஒரு குழந்தையைப் பெறுகிறாள். பிரசவம் பார்ப்பவர் ஷாமன் என்ற இன்னொரு ஆல்ஃபா ஃப்ளைட் வீரர், மைக்கேல் டூயங்மென். குழந்தையைப் பூமியில் தங்கவைக்க அவர் ஒரு மந்திரக் கட்டுப் போடுகிறார். நார்யா என்ற அந்தக் குழந்தை சாதாரணப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு வேகமாக வளர்ந்துவிடுகிறது. வெளியுலகுக்கு அவள் ஆன் மெக்கென்ஸி, கனடாவின் குதிரைப் போலீஸ் படையில் வேலை பார்க்கும் வெளுத்த தோலும் பொன்னிற முடியும் கொண்ட பெண். இனுவிட் தேவியின் மகள் ஏன் அப்படி இருக்கிறாள் என்ற கேள்வி ரசிகர்களிடையே ரொம்ப காலமாக உண்டு. கதைக்குள் அதற்கு ஒழுங்கான பதில் கிடையாது.

உருமாற்ற விதிகளுக்கு வருவோம். கனடாவின் வடக்கில் வாழும் எந்த உயிரினமாகவும் அவள் மாறலாம். பனிக்கரடி, ஆந்தை, ஓநாய், வால்வரின் எல்லாம் சரி. யானையோ முதலையோ ஆக முடியாது. எந்த விலங்கானாலும் வெள்ளை நிறத்தில்தான் ஆவாள். ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவினால் உடம்புக்குப் பெரும் சிரமம். நடுவில் மனித உருவுக்கு வந்து போவதுதான் பத்திரம். ஒரே விலங்கில் அதிக நேரம் தங்கினால் அதன் இயல்பு அவளுடைய மனதை விழுங்கும். கடைசி விதி, ஷாமன் போட்ட கட்டு கனடா மண்ணோடு போட்ட கட்டு. எல்லை தாண்டினால் நோய்வாய்ப்படுவாள், அப்படியே இருந்தால் சாவாள்.

இது கூடு விட்டுக் கூடு பாய்தல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருமூலர் மூலனின் உடலுக்குள் போனதாகச் சொல்லும் கதையில் உயிர் ஒன்று, உடல்கள் இரண்டு. ஸ்னோபேர்டுக்கு உடல் ஒன்றுதான். அதுதான் வடிவம் மாறுகிறது. ஆனால் வேடிக்கை, அசல் கூடு பாய்தலும் இந்தத் தொடரில் பின்னால் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லை விதியைக் கொஞ்சம் தோண்ட வேண்டும், ஏனென்றால் அது எந்தக் கையால் எழுதப்பட்டது என்பது அங்கே பளிச்சென்று தெரிகிறது. இனுவிட் மக்களின் நிலம் கனடாவோடு நிற்பதில்லை. கிரீன்லாந்து, அலாஸ்கா, ரஷ்யாவின் சுக்கோட்கா வரை ஒரே உறவுக்கார மக்களும் ஒரே வேர்க் கதைகளும் பரவிக் கிடக்கின்றன. நான்கு நாடுகளில் சிதறிய அந்த மக்களுக்காக இனுவிட் சர்க்கம்போலார் அமைப்பு 1977-இல், ஸ்னோபேர்ட் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, தொடங்கப்பட்டுவிட்டது. அப்படியிருக்க ஒரு இனுவிட் தேவியின் மகளுக்கு ஒட்டாவாவில் வரைந்த தேச வரைபடம் ஏன் உயிர்நாடியாக வேண்டும்? கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவே சுமார் 1.3 சதுர கிலோமீட்டரில் டார்ட்டுபாலுக் என்ற மொட்டைப் பாறைத் தீவு ஒன்று உண்டு. கனடாவும் டென்மார்க்கும் பல பத்தாண்டு தகராறுக்குப் பிறகு 2022-இல் அதைப் பங்குபோட்டுக்கொண்டன. விதிப்படி ஸ்னோபேர்ட் அந்தப் பாறையின் ஒரு பாதியில் தெய்வம், மறு பாதியில் நோயாளி. பைர்னுக்கு வேண்டியிருந்தது ஒரு கனடா நாயகி. அதற்கு இனுவிட் புராணம் ஆடையாகப் பயன்பட்டது.

வெள்ளை நிறம் இன்னொரு கதை. அதற்குப் புராணத்திலும் வேர் கிடையாது, உயிரியலிலும் கிடையாது. துருவ நரியும் துருவ முயலும் டார்மிகன் பறவையும் குளிர்காலத்தில் வெளுக்கும், கோடையில் பழுப்பாகும். கஸ்தூரி எருதும் வால்வரினும் ஒருநாளும் வெளுப்பதில்லை. படக்கதைக்கு வெண்மை தேவைப்பட்டது வேறு காரணத்துக்காக: கட்டத்துக்குள் ஒரு கரடி வந்தால் அது காட்டுக்கரடியா நம்ம ஆளா என்று வாசகருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அந்தக் கால அச்சில் இது வரைபவருக்குத் தலைவலியும்கூட. நான்கு வண்ண அச்சில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது. மை படாத தாள்தான் வெள்ளை. மலிவான நியூஸ்பிரிண்ட் தாளோ கொஞ்சம் மஞ்சள் பூத்திருக்கும். வெள்ளை விலங்கைத் தனியாகக் காட்ட அழுத்தமான கறுப்புக் கோடும் ஓரத்தில் மெல்லிய நீல நிழலும் வேண்டும். பின்னணியும் பனியாக இருந்துவிட்டால் தொலைந்தது.

இந்தத் தலைவலியையே பைர்ன் ஒரு தமாஷாக ஆக்கினார். 1984 ஜனவரி தேதியிட்ட ஆல்ஃபா ஃப்ளைட் 6-ஆம் இதழில் வெள்ளை விலங்கான ஸ்னோபேர்டும் பனிப்புயலைக் கிளப்பும் கோலோமாக்கும் மோதுகிறார்கள். பக்கம் பக்கமாக வெறும் வெள்ளைக் கட்டங்கள். பேச்சுக் குமிழும் சத்த எழுத்தும் மட்டும் மிதக்கின்றன. அந்த மாதம் மார்வெல் பதிப்பாசிரியர்கள் வெளியூர் போய்விட்டதாகவும் உதவியாளர்கள் கையில் இதழ்கள் சிக்கியதாகவும் ஒரு விளம்பர விளையாட்டு நடந்தது. அந்தச் சாக்கில் இது தப்பித்தது. சோம்பேறித்தனம் என்று திட்டியவர்களும் உண்டு. நம் பார்வையில் அந்தத் தொடரின் மிகத் துணிச்சலான பக்கங்கள் அவைதான். வெள்ளை விலங்கு என்ற விதியை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோய்க் காட்டியது அது ஒன்றே.

பெயர்களைப் பார்த்தால் ஆடை இன்னும் கழல்கிறது. கனடா இனுவிட் பேசும் இனுக்டிடுட் மொழியில் உயிர் ஒலிகள் மூன்றே: அ, இ, உ, அவற்றின் நெடில்கள். எ, ஒ தனி ஒலிகளாக இல்லை. பேரரசனாக வரும் ஹோடியாக், தாய் நெல்வானா, அரக்கன் கோலோமாக் மூவரும் அந்த மொழியின் வாயில் நுழையவே மாட்டார்கள். ரனாக் இன்னும் மோசம், ஏனென்றால் ரகரம் அந்த மொழியில் சொல்லுக்கு முதலில் வராது. இதைக் கேட்டதும் தமிழ்க் காது நிமிரும். நமக்கும் அதே விதிதான். ராமனை இராமன் என்று எழுதியதும் அதனால்தான். தொல்காப்பியம் படித்த ஒருவர் ரனாக் என்ற பெயரைப் பார்த்த உடனே வந்தேறிச் சொல் என்று சொல்லிவிடுவார். பெயரின் வாலில் ஒரு ‘க்’ ஒட்டினால் வடக்கத்திய வாசனை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட பெயர்கள் இவை.

சேர்த்து வைத்த சரக்கும் கதம்பம். வென்டிகோ கிரீ, ஒஜிப்வே போன்ற அல்கோன்கியன் மொழி பேசும் மக்களின் கதையில் வருவது. சாஸ்க்வாட்ச் என்ற மயிரடர்ந்த காட்டு ராட்சதன் மேற்குக் கடற்கரை சேலிஷ் மக்களுடையது. பாங்னிர்துங் போன்ற இனுவிட் ஊரிலிருந்து அந்தக் கரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஷாமனோ கல்காரிக்குப் பக்கத்தில் வாழும் சுத்தினா மக்களைச் சேர்ந்தவர். இவை ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிக் குடும்பங்கள். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை உள்ள எல்லாச் சிறுதெய்வங்களையும் ஒரே குடும்பம் ஆக்கி ஒரு கதை எழுதினால் எப்படி இருக்கும், அப்படி.

இனி அசல் கதைகள். 1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாம் தூலே பயணம் என்ற ஆய்வுப் பயணத்தில் க்னுட் ராஸ்முசன் என்ற ஆய்வாளர் வட கனடாவின் இனுவிட் மக்களிடம் ஏராளமான கதைகளைப் பதிவு செய்தார். தாயார் வழியில் கிரீன்லாந்து வேர் கொண்ட அவருக்கு அந்த மொழி சின்ன வயதிலிருந்தே தெரியும், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நெட்சிலிக் பகுதியில் நலுங்கியாக் என்ற பெண் அவருக்குச் சொன்னதன் சாரம்: ஆதியில் மனிதருக்கும் விலங்குக்கும் வேறுபாடு இல்லை, மனிதன் நினைத்தால் விலங்காவான், விலங்கு நினைத்தால் மனிதனாகும், எல்லோரும் ஒரே மொழி பேசினார்கள்.

இந்தக் கதைகளில் உருமாற்றம் சக்தி இல்லை, உடுப்பு. அலாஸ்காக் கரைக் கதைகளில் பறவை தன் அலகை நெற்றிக்கு மேலே தள்ளிவிடும், அங்கியின் முக்காட்டைத் தள்ளுவதுபோல. உள்ளே மனித முகம் இருக்கும். விலங்கின் தோல் என்பது அது போட்டிருக்கும் சட்டை. மக்கள் தைத்த உடைகளிலும் இதே எண்ணம் ஓடுகிறது. செப்பு இனுவிட் என்று அழைக்கப்பட்டவர்கள் கரிபூ மானின் தோலில் அங்கி தைக்கும்போது, தலைப் பகுதித் தோலை முக்காட்டுக்கு வைத்து, காதுகளை அப்படியே நிற்கவிட்டார்கள். பின்பக்கம் வால்போல் நீளும். அதைப் போட்டு நடக்கும் வேட்டைக்காரனைத் தூரத்திலிருந்து பார்த்தால் எது மான் எது ஆள் என்று சட்டெனத் தெரியாது.

கிவியுக் என்ற நாயகனின் கதை அலாஸ்காவிலிருந்து கிரீன்லாந்து வரை சொல்லப்படுவது. அதில் அவன் ஒரு நரிப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் பகுதி உண்டு. வேட்டையிலிருந்து திரும்பும்போதெல்லாம் வீடு ஒழுங்காக இருக்கிறது, சாப்பாடு தயார். ஒளிந்திருந்து பார்க்கிறான். ஒரு நரி வந்து தன் தோலைக் கழற்றி வெளியே காயப்போட்டுவிட்டு மனுஷியாக உள்ளே போகிறது. தோலை எடுத்து வைத்துக்கொண்டு அவளை மனைவியாக்குகிறான். குடும்பம் நன்றாகத்தான் போகிறது. ஒருநாள் வாடை அடிக்கிறது என்று ஒரு பேச்சு வருகிறது, அவள் தோலைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறாள். ஊருக்கு ஊர் விவரம் மாறும். அவமானச் சொல்லும் பிரிவும் மாறுவதில்லை.

இப்போது இதழ் 140-ஐத் திரும்பப் பாருங்கள். ஸ்னோபேர்டுக்கு நேரும் ஆபத்து, மனித அறிவு மிருக வெறிக்குள் மூழ்குவது. விலங்கு என்றாலே அறிவற்ற ஆவேசம் என்ற எண்ணம் இல்லாமல் இந்த விதியை எழுதவே முடியாது. இனுவிட் கதைகளிலோ விலங்குக்கும் ஒரு இனுவா உண்டு. அந்தச் சொல்லுக்குப் பொருள் அதனுள் இருக்கும் ஆள், அதன் உடைமைக்காரர். கரடியானவன் பித்தனாவதில்லை, கரடிகளின் வீட்டுக்குப் போகிறான், அவர்களும் மனிதர்போல் உட்கார்ந்து பேசுகிறார்கள். அங்கே கோளாறு வருவது மரியாதை கெட்டால்: தோல் திருடு போனால், வாடை என்று சொன்னால், கொன்ற விலங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால். உலகில் பெரிய ஆபத்து எது என்றால் நாம் சாப்பிடுவதெல்லாம் ஆன்மாக்களாகவே இருப்பதுதான் என்று இக்லூலிக் பகுதியில் ஒருவர் ராஸ்முசனிடம் சொன்னது இந்தச் சிந்தனையிலிருந்துதான். இந்த மக்களிடையே ஆவிகளோடு பேசி ஊருக்கு வழி சொல்பவர் அங்ககுக். அவருக்குத் துணை நிற்கும் ஆவிகள் துர்ங்காயித். அதில் பனிக்கரடியும் இருக்கலாம்.

உருமாறிகளில் பயப்பட வேண்டியவர்களும் உண்டு. இஜிராயித் என்ற கூட்டம் கரிபூ மானாகவோ மனிதராகவோ எதிரே வரும். அவர்களைச் சந்தித்தவருக்குச் சந்தித்ததே மறந்துபோகும், அதனால் பார்த்த உடனே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பார்கள். வழி தவறச் செய்யும் நிலப்பரப்பில் வாழும் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயம் இருக்க முடியாது. இப்படி ஒரு வில்லன் கையருகே இருந்தும் பெரும் மிருகங்களைக் கற்பனையில் செய்து கொண்டுவந்ததுதான் ஆல்ஃபா ஃப்ளைட் தவறவிட்ட பெரிய வாய்ப்பு.

வடதுருவ ஒளிக்குத் தேவி என்பதும் அசலில் இல்லை. கிழக்குக் கனடா இனுவிட் அதை அக்சார்னியித் என்பார்கள், பந்து விளையாடுபவர்கள் என்று பொருள். இறந்தவர்கள் வானத்தில் வால்ரஸ் மண்டையோட்டை உதைத்து விளையாடுவதே அந்த ஒளி. அதைப் பார்த்து விசிலடிக்கக் கூடாது, இறங்கி வந்துவிடும்.

பிறகு நெல்வானா எங்கிருந்து வந்தாள்? 1941-இலிருந்து. இரண்டாம் உலகப் போரின்போது அந்நியச் செலாவணியைக் காக்க, 1940 டிசம்பரில் கனடா ஒரு சட்டம் போட்டு அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதியைத் தடுத்தது. கடைகளில் காலியான இடத்தை உள்ளூர்ப் புத்தகங்கள் நிரப்பின: அட்டை வண்ணம், உள்ளே கறுப்பு வெள்ளை. அதனால் கனேடியன் ஒயிட்ஸ் என்றே பெயர் நின்றது. 1941 ஆகஸ்டில் வந்த ட்ரையம்ஃப்-அட்வென்ச்சர் காமிக்ஸ் முதல் இதழில் எய்ட்ரியன் டிங்கிள் வரைந்த ‘வடதுருவ ஒளியின் நெல்வானா’ தோன்றினாள். வொண்டர் வுமன் கடைக்கு வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. வடக்கே பயணம் போய்வந்த ஓவியர் ஃபிரான்ஸ் ஜான்ஸ்டன், அங்கே கேட்ட ஒரு மூதாட்டிக் கதையை டிங்கிளிடம் சொல்ல, டிங்கிள் மூதாட்டியை இளம்பெண்ணாக்கி, குட்டைப் பாவாடை மாட்டி, போர் முயற்சியில் இறக்கிவிட்டார்.

இந்த நெல்வானாவின் தந்தை கோலியாக், வடதுருவ ஒளியின் அரசன். தாய் மனிதப் பெண். பைர்ன் அதை அப்படியே கவிழ்த்தார்: தாய் தேவி, தந்தை மனிதன், தாயின் பெயர் நெல்வானா. பழைய நாயகி புதியவளின் அம்மாவானாள். ஆக ஸ்னோபேர்டின் தலைமுறைப் பட்டியல் இனுவிட் கூடாரத்தில் தொடங்கவில்லை, டொரன்டோ அச்சகத்தில் தொடங்குகிறது. பழைய நெல்வானா ஒளியின் கதிரில் ஏறிப் பறப்பாள், மறைந்துபோவாள், உலோகத்தை உருக்குவாள். விலங்காவது அவளுடைய முக்கிய வித்தை அல்ல. ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மகளைவிட நேர்மையானவள். அவளுடைய முதல் எதிரிகளின் பெயர் கப்லுனெட்ஸ். வெள்ளைக்காரரை இனுவிட் அழைக்கும் கல்லுனாத் என்ற சொல்லின் பழைய எழுத்துவடிவம்தான் அது. இனுவிட்டின் பகைவர் வெளியிலிருந்து வரும் வெள்ளையர் என்று 1941-இலேயே ஒரு சிறுவர் இதழ் எழுதியிருக்கிறது, தெரிந்து எழுதியதோ தெரியாமலோ. போர் முடிந்து அமெரிக்க இதழ்கள் திரும்பியதும் 1947-இல் நெல்வானா நின்றுபோனாள். கனடா தபால் துறை 1995-இல் அவளுக்கு ஒரு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஸ்னோபேர்டுக்கு வாய்த்த முடிவு இன்னும் கோரம். 1985-இல் 23-ஆம் இதழில், தனாராக் என்ற பெரும் மிருகம் அவளுடைய அணித்தோழன் வால்டர் லாங்கோவ்ஸ்கியின் சாஸ்க்வாட்ச் உடலைப் பிடித்துக்கொள்கிறது. அவளே வெள்ளைச் சாஸ்க்வாட்ச் ஆகி அவனைக் கொல்கிறாள். அவள் பிறந்ததே அந்த அரக்கர்களைக் கொல்லத்தான் என்பதால் கதைக்கு அது பொருந்திய திருப்பம். பைர்ன் விலகியபின் எழுத வந்த பில் மான்ட்லோ 1987-இல், 44-ஆம் இதழில், அவளையும் சாகடித்தார். அவளைப் பிடித்துக்கொண்ட பெஸ்டிலன்ஸ் என்ற வில்லன் யார் தெரியுமா? 1845-இல் வடமேற்குக் கடல்வழி தேடிப்போய்த் தொலைந்த ஃபிராங்க்ளின் பயணத்தின் கப்பல் தலைவர் குரோஸியர். தேவியைச் சாகடிக்க ஒரு பிரிட்டிஷ் கடற்படைப் பேயா என்று சிரிக்கத் தோன்றும். இருந்தாலும் வடக்கின் உண்மையான வரலாறு அந்தத் தொடருக்குள் எட்டிப் பார்த்த அபூர்வ இடம் அது. அடுத்துத்தான் முன்னே சொன்ன கூடு பாய்தல். செத்துப்போன வால்டரின் உயிர் ஸ்னோபேர்டின் வெற்றுடலுக்குள் புகுந்து, வெள்ளைச் சாஸ்க்வாட்ச்சாகவும் வாண்டா என்ற பெண்ணாகவும் கொஞ்ச காலம் உலவியது. தான் கொன்றவனுக்கே அவள் உடல் வீடானது. அந்தப் பகுதியில் எழுத்து சுமார், கரு மட்டும் பிரமாதம்.

பிற்பாடு அவள் திரும்பி வந்தாள். 2008-இல் இன்கிரெடிபிள் ஹெர்குலிஸ் 117 முதல் 120 வரை, பல நாட்டுத் தெய்வங்கள் சேர்ந்து வேற்றுக்கிரகத் தெய்வங்களோடு போரிடப் போகும்போது இனுவிட் தெய்வங்களின் பிரதிநிதியாக அவள் போகிறாள். கனடா எல்லை விதியை அதற்குள் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இனுவிட் கை ஒன்று உண்மையில் பேனாவைத் தொட்டது 2018-இல். சாம்பியன்ஸ் 19-ஆம் இதழில் ஸ்னோகார்ட் என்ற புதிய நாயகி வந்தாள்: அம்கா அலியாக், பாங்னிர்துங் ஊர்ப் பெண், பதின்வயது. எழுதியவர் ஜிம் ஸப், வரைந்தவர் ஷான் இஸாக்சே. பாத்திரத்தை உருவாக்குவதில் கூட நின்றவர் நைலா இன்னுக்சுக், நுனாவுட்டைச் சேர்ந்த இனுக் திரைப்பட இயக்குநர். இனுவிட் என்பது பன்மை, ஒருவர் என்றால் இனுக்.

ஊரைப் பெயர் சொல்லி வைத்ததே முதல் வித்தியாசம். பாங்னிர்துங், பாஃபின் தீவில், துருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, கடற்கழி ஓரத்தில் சுமார் 1,500 பேர் வாழும் ஊர். நெசவுக்கும் அச்சு ஓவியத்துக்கும் பேர்போனது. ஸ்னோபேர்டின் வடக்கு வெறும் வெள்ளைத் தாள். அம்காவின் வடக்கில் வீடுகள் இருக்கின்றன. 1999 ஏப்ரல் 1 அன்று உருவான நுனாவுட் என்ற ஆட்சிப்பகுதியும் இருக்கிறது.

இரண்டாவது வித்தியாசம் சக்தியின் பெயர். அம்காவுக்கு உருமாறும் ஆற்றல் வருவது சிலாவிலிருந்து. இது கற்பனைப் பெயர் இல்லை. இனுக்டிடுட்டில் சிலா என்றால் காற்று, வானிலை, வீட்டுக்கு வெளியே உள்ள எல்லாம். நம் ‘வெளி’ கொஞ்ச தூரம் கூட வரும். ஆனால் சிலாவுக்கு இன்னொரு பொருளும் உண்டு, அறிவு. சிலாதுயுக் என்றால் விவரமுள்ளவர். சிலாயித்துக் என்றால் விவரம் கெட்டவர். வெளியே இருக்கும் காற்றும் உள்ளே இருக்கும் அறிவும் ஒரே சொல். இந்தச் சொல்லை வைத்து உருமாற்றத்தை எழுதினால், விலங்கானால் அறிவு போய்விடும் என்ற பழைய விதியே செல்லாது. அறிவு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதானே கரடியும் வந்தது.

ஆனால் கதை அவ்வளவு தூரம் போகவில்லை. சிலாவின் ஆற்றலை உறிஞ்ச ஒரு வில்லன் முயல, அது அம்காவுக்குள் பாய்ந்து சக்தியாகிறது என்று மின்கலம் சார்ஜ் ஆவதுபோல் கதை நகர்கிறது. கழற்றி மாட்டும் தோலும் இல்லை, கேட்க வேண்டிய அனுமதியும் இல்லை, மரியாதை கெட்டால் என்ன ஆகும் என்பதும் இல்லை. குழு இதழில் ஒரு புதுமுகத்துக்குக் கிடைக்கும் பக்கங்கள் குறைவு என்பதும் காரணம். இன்னுக்சுக் பிற்பாடு இயக்கி 2022-இல் வெளிவந்த திரைப்படம் பாங்னிர்துங்கிலேயே உள்ளூர்ப் பெண்பிள்ளைகளை வைத்து எடுக்கப்பட்டது. அதில் வேற்றுக்கிரக உயிர்கள் விலங்குகளின், மனிதர்களின் தோலைப் போட்டுக்கொண்டு வருகின்றன. மார்வெலில் விடுபட்ட தோல் அங்கே வந்து சேர்ந்தது.

படிக்கத் தொடங்குபவர்கள் எக்ஸ்-மென் 139, 140-இல் ஆரம்பிக்கலாம். பிறகு ஆல்ஃபா ஃப்ளைட் 1 முதல் 28 வரை. அவசரமென்றால் 6, 23, 24 போதும். 44-ஐத் தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது, ஓரிரு இதழ் முன்னாலிருந்து வர வேண்டும். அதன்பின் சாம்பியன்ஸ் 19 முதல் 21. எண்பதுகளின் பக்கங்களில் எஸ்கிமோ என்ற சொல் தாராளமாக வரும். கனடா இனுவிட் இன்று அதை ஏற்பதில்லை. நெல்வானாவின் பழைய கதைகள் 2014-இல் தொகுப்பாக மறுபடி அச்சாயின. அதைக் கடைசியாகப் படியுங்கள், முதலில் படித்தால் பைர்ன் எதை எங்கே கவிழ்த்தார் என்று கண்டுபிடிக்கும் சுவாரசியம் போய்விடும்.